கடை அடைத்த நாளில் நமக்கு என்ன வேலை?

மளிகைக் கடைக்காரர் வருடத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கிறார் என்று எண்ணினால் இரு கை விரல்களே போதும். அப்படிப்பட்டவரைப் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதத்தில் கண்கூடாகப் பார்த்தோம். 2020 ஊரடங்கில்கூட, சில மாநகரங்களில் சில நாட்கள் முழுமையாக அடைத்தது தவிர, மளிகைக்கு நேரக் கட்டுப்பாட்டுடன் அனுமதி இருந்தது. 2021ல் அப்படியில்லை. மே 22, 23 இரண்டு நாளும் கடைகள் திறந்து, கூட்டம் முட்டி மோதி வாங்கிப் போனது. 24ஆம் தேதி முதல் மளிகைக் கடைகளும் அடைபட்டன.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளம் வந்தபோதும் பலர் கடைக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே இருந்தார்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சை, இருதயச் சிகிச்சை என்று இரண்டு மூன்று மாதம் படுப்பவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறைய. ஆகவே, கடைக்குப் போக முடியாத நாளில் எப்படி வேலை செய்வது என்பது நாம் படிக்க வேண்டிய பாடம்தான்.

கடையில் நாம் சோம்பாமல் இருப்பதற்கு நம் மன உறுதி மட்டும் காரணமில்லை. காலை ஆறு மணிக்குப் பால்காரர் வருவார். முதல் போணிக்கு ஆள் நிற்பார். லாரி வந்து நிற்கும், சுமை தூக்குவோர் கூப்பிடுவார்கள். நம்மை நடத்துவது அவர்கள். வீட்டில் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. முதல் நாள் ஓய்வாக இருக்கும், இரண்டாம் நாள் தொலைக்காட்சி, மூன்றாம் நாள் எரிச்சல். பிறகு அடுக்களைக்குள் போய், பருப்பு ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கணக்குக் கேட்கத் தொடங்குவோம். வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இதில் நிறையச் சொல்வார்கள்.

முதலில் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும். கடை திறக்கும் நேரத்துக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, சட்டை போட்டுக்கொண்டு ஒரு மேசை முன் உட்கார வேண்டும். கட்டிலிலும் ஊஞ்சலிலும் கணக்குப் பார்த்தால் அரை மணியில் கண் சொருகும். கடையில் மதியம் எவ்வளவு நேரம் சாய்வோமோ அவ்வளவுதான் வீட்டிலும். வேலையை அளந்து எடுத்துக்கொள்வதும் முக்கியம். “கணக்கையெல்லாம் சரி பண்ண வேண்டும்” என்று உட்கார்ந்தால் மலைப்புத்தான் மிஞ்சும். “இன்று பேரேட்டில் பத்துப் பேர்” என்று உட்கார்ந்தால் பதினொரு மணிக்கு முடிந்துவிடும். முடிந்தது என்ற திருப்திதான் மறுநாளும் நம்மை மேசைக்கு இழுக்கும்.

அந்த வேலை நாளைக்குக் கடைக்கு உதவுவதாக இருக்க வேண்டும். 2021 மே 31 முதல், உள்ளாட்சி அனுமதியோடு வண்டியில் மளிகை விற்கலாம், தொலைபேசியில் ஆர்டர் வாங்கி வீட்டுக்குக் கொண்டு கொடுக்கலாம் என்று அரசு அறிவித்தது. அடைத்திருந்த அந்த ஒரு வாரத்தில், மாதச் சாமான் வாங்கும் வீடுகளின் பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் பழைய சிட்டைகளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவருக்கு அன்று காலையே வியாபாரம். மற்றவர்கள் எண்ணைத் தேடவே இரண்டு மூன்று நாள் ஆயிற்று. அந்த நோட்டுக்கு ஆன செலவு ஒரு பேனா மை.

இன்னொரு வேலை, ஒவ்வொரு சரக்கிலும் நமக்கு உண்மையில் என்ன நிற்கிறது என்று போட்டுப் பார்ப்பது. கல்லாவில் உட்கார்ந்து இதைச் செய்ய நேரம் கிடைக்காது. கிலோ 100 ரூபாய்க்கு 50 கிலோ பருப்பு மூட்டை வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய். வண்டி வாடகை, இறக்குக் கூலி 50. புடைத்து, கட்டும்போது கழிவு அரை கிலோ. ஆக 49½ கிலோவுக்கு 5,050. கிலோ அடக்கம் 102 ரூபாய். அரை கிலோ உறை ஒன்று 60 காசு என்றால் கிலோவுக்கு 1.20 சேர்ந்து 103.20 ஆகிறது. 105க்கு விற்று 5 ரூபாய் லாபம் என்று நினைத்திருப்போம். நிற்பது 1.80. கடை வாடகையும் பையன் சம்பளமும் அதில்தான் வர வேண்டும். நாளைக்கு ஐந்து சரக்கு போட்டால் போதும். புளி, மிளகாய், வெல்லம் போல எடை குறையும் சரக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

உடம்பு சரியில்லாமல் படுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் மகனோ தம்பியோ உட்கார்ந்திருப்பார். நாம் வீட்டிலிருந்து கால் மணிக்கு ஒரு முறை கூப்பிட்டு “என்ன விலைக்குப் போட்டாய்?” என்று கேட்பது வேலை இல்லை, தொந்தரவு. ஆட்களுக்கு முன்னால் அவர் சொன்ன விலையை நாம் போனில் மாற்றினால் அதன் பிறகு ஆட்கள் அவரை மதிக்கமாட்டார்கள். மதியம் ஒரு முறை, கடை அடைத்த பின் ஒரு முறை பேசினால் போதும். இதில் நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது என்பது தெரியும்.

மனம் எதிலும் ஓடாத நாளும் வரும். அன்று கை வேலை செய்யலாம். பில்களைத் தேதிவாரியாக அடுக்குவது, நைந்த பேரேட்டுக்கு அட்டை போடுவது. கிழித்துப் போடும் உற்சாகம் மட்டும் வேண்டாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி அந்த ஆண்டின் ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை பாக்கிக் கணக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்டது, அதைத் தாண்டியது, இரண்டு ஆண்டைத் தாண்டியது என்று மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தச் சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். சில்லறைக் கடைக்காரர் பலருக்கு இது தெரியாது. சொன்னால் அவருக்கும் நன்மை. கடன் பாக்கிக்கு வழக்குப் போடக் கெடு பொதுவாக மூன்று ஆண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் “இவ்வளவு பாக்கி உண்டு” என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. தொற்றுக் காலத்துக்காக 15-3-2020 முதல் 28-2-2022 வரை உள்ள நாட்களை உச்ச நீதிமன்றம் கெடுவிலிருந்து கழித்துக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அப்படிக் கிடைக்கும் என்று இருக்க முடியாது.

பாக்கிக்காரரைக் கூப்பிடும்போது முதல் பேச்சு பணமாக இருக்கக் கூடாது. “அண்ணாச்சி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்றுதான் தொடங்க வேண்டும். 2021 மே மாதத்தில் அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் சில நெஞ்சை அடைத்தன. துக்க வீட்டில் பாக்கிப் பேச்சை எடுக்காமல், காரியம் முடியும் வரை பொறுத்தோம்.

அந்த வாரத்தில் நம்மைத் தானாகக் கூப்பிட்டவர் ஒருவர் உண்டு. பக்கத்து ஊரில் சிறிய கடை, நம் மண்டியில் இருபது ஆண்டு வரவு செலவு. “சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. எந்த மண்டிக்கு எவ்வளவு தர வேண்டும், எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு இருக்கிறேன். உங்கள் பேரேட்டில் நம் பாக்கி என்ன?” என்றார். இரண்டு தொகையிலும் 340 ரூபாய் வித்தியாசம். ஒரு மிளகாய் மூட்டை திரும்பி வந்ததை அவர் நினைவுபடுத்த, சரி செய்துகொண்டோம். ஜூன் கடைசியில் அந்த நோயிலேயே அவர் தவறிப் போனார்.

மகன் வேறு வேலையில் இருந்தவர். கடையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆகஸ்டில் அப்பாவின் நாற்பது பக்க நோட்டோடு மண்டிக்கு வந்து நின்றார். அதிலிருந்த தொகையும் நம் பேரேட்டுத் தொகையும் ஒரு ரூபாய் பிசகவில்லை. ஏழு தவணையில் பாக்கியைத் தீர்த்தார். வீட்டுக் கடன்களையும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வசூலித்தார். இப்போதும் சரக்குக்கு வருகிறார்.