பெயர் மாறலாம், ஓசை நிற்கட்டும்

கேள்வி: சீனாவின் செங்டூ நகரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தோழியின் பெயர் சின்யி, குடும்பப் பெயர் லீ. ஆளாளுக்கு ஒரு மாதிரி கூப்பிடுவதால், ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். தன் சொந்தப் பெயரின் ஓசை அதில் இருக்க வேண்டுமாம். எப்படித் தேடுவது?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்கள் தோழி கேட்பது நியாயமான ஆசை. பெய்ஜிங்கில் பிறந்த வாங் ஃபெய், 1989-ல் ஹாங்காங்கில் பாடகியாக அறிமுகமானபோது ஷெர்லி என்று பெயர் சூட்டப்பட்டார். சொந்தப் பெயருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சில ஆண்டுகளில் சொந்தப் பெயருக்கே திரும்பினார். ‘ஃபெய்’ ஆங்கிலத்தில் ‘ஃபே’ ஆனது. இன்று ரசிகர்களுக்கு அவர் ஃபே வாங்தான்.

முழுப் பெயரையும் பொருத்தப் பார்க்காதீர்கள். ஓர் அசை ஒத்துப்போனாலே போதும். தைவான் பாடகர் சோ ஜியேலுன், ஜே சோ. அதே தைவானின் பாடகி வாங் சின்லிங், சிண்டி வாங். இரண்டிலும் முதல் அசை மட்டுமே ஒத்துப்போகிறது. காதுக்கு அதுவே நிறைவாக இருக்கிறது. சில பெயர்கள் அப்படியே பொருந்திவிடும்: தாவெய் என்பவருக்கு டேவிட், கைவென் என்பவருக்கு கெவின். ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குப் போன பெயரும் உண்டு. 1920-ல் ஷாங்காயில் பிறந்த எழுத்தாளர் ஐலீன் சாங்கைப் பள்ளியில் சேர்த்தபோது, ‘ஐலீன்’ என்ற ஆங்கிலப் பெயரைக் கொண்டுதான் ‘அய்லிங்’ என்று பெயர் வைத்தார் அவருடைய தாய்.

அடுத்தது, பெயர் யாருடையதோ அவர் வாயில் அது சரளமாக வர வேண்டும். சின்யி என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது சிந்தியா. ஆனால் அதன் நடுவில் ஆங்கிலத்தார் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து எழுப்பும் ஒலி மாண்டரினில் கிடையாது. ‘சின்சியா’ என்று வந்துவிடக்கூடும். விவியனில் உதட்டைக் கடித்துச் சொல்லும் ‘வ’வும் அப்படியே. மாண்டரின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியிலோ, ‘ன்’, ‘ங்’ ஒலிகளிலோதான் முடியும். ஆகவே ரூத், எலிசபெத் போன்றவை சிரமம் தரும். லீனா, ஹெலன், ஜெனி போன்றவை எளிதாக வரும்.

உங்கள் தோழிக்கு என் முதல் பரிந்துரை சிண்டி. ‘சின்’ என்ற தொடக்கம், ‘இ’ என்ற முடிவு இரண்டுமே அதில் இருக்கின்றன. சியன்னாவையும் பரிசீலிக்கலாம். எதுவானாலும் குடும்பப் பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சிண்டி லீ நன்றாகவே ஒலிக்கிறது. லில்லி லீ என்றால் நாக்கு குழறும். நாலு பேரைக் கூப்பிட வைத்து, எந்தப் பெயருக்குத் தானாகத் திரும்பிப் பார்க்கிறாள் என்று கவனியுங்கள்.

இந்தப் பெயர் பேச்சு வழக்குக்கு மட்டும்தான். விமான டிக்கெட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் லீ சின்யி என்றே இருக்க வேண்டும். மின்னஞ்சல் கையெழுத்தில் ‘சிண்டி சின்யி லீ’ என்று இரண்டையும் போடலாம்.

முடிவெடுப்பதற்கு முன் அவளிடம் ஒன்று கேளுங்கள்: அவளுக்கே பிடித்துத்தான் பெயர் தேடுகிறாளா, மற்றவர்கள் திணறுவதைப் பார்த்துத் தேடுகிறாளா? பிடித்துத்தான் என்றால் சிண்டிக்கு வாழ்த்துகள். இல்லையென்றால், ‘சின்யி’ என்று சரியாகச் சொல்ல அலுவலகத்துக்கே கற்றுக்கொடுங்கள். இரண்டே அசைதான், ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிடும்.