குறட்டைக்குப் பின்னால்

முதலாம் பாடம் முடிவதற்குள் ஒரு மாணவியின் தலை மேசையில் சாய்கிறது. ஆசிரியை கண்டிக்கிறார், தோழியர் சிரிக்கின்றனர். "இரவெல்லாம் தூங்கினது போதாதா?" என்று வீட்டில் உம்மாவும் ஏசுகிறார். சோம்பேறி என்ற பெயர் அவளுக்கு இலகுவாகக் கிடைத்துவிடுகிறது. ஒன்பது மணி நேரம் படுத்தெழும்பியும் களைப்பு ஏன் நீங்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

இத்தகைய பிள்ளையொன்றை வைத்தியர்களுக்கு முன்பே ஓர் எழுத்தாளர் கண்டுகொண்டார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836இல் எழுதத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பருமனான பையன் வருகிறான். வேலை செய்யும்போதே உறங்கிக் குறட்டை விடுவான். வாசகர்கள் சிரித்தார்கள். 1956இல் வைத்தியர்கள், உடற்பருமனோடு வரும் மூச்சுக் குறைபாடொன்றுக்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். 1976இல் கில்மினோ என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் எட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து, உறக்க மூச்சுத் தடை சிறுவருக்கும் வரும் என எடுத்துக்காட்டினர். இதனையே 'ஸ்லீப் அப்னியா' என்கிறோம்.

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. டொன்சில், மூக்கின் பின்னுள்ள அடினொயிட் ஆகியவை வீங்கியிருந்தாலோ, தாடை சிறுத்திருந்தாலோ, கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு கூடியிருந்தாலோ மூச்சு வழி ஒடுங்கி அடைபடும். குருதியில் ஒட்சிசன் குறையும். உடனே மூளை உடலை உசுப்பிவிடும், மூச்சு திரும்பும். இது இரவில் பல தடவை நிகழ்ந்தாலும் காலையில் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது. சிறு வயதில் டொன்சிலும் அடினொயிட்டும் முக்கிய காரணம். பதின்ம வயதில் உடற்பருமனும் பெருங் காரணமாகிறது. எனினும் மெலிந்தவர்களுக்கும் இது வரலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில: வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி இழுத்தல், வாயால் சுவாசித்தல், காலைத் தலைவலி, பகல் தூக்கம், கவனச் சிதறல், எரிச்சல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல்.

களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு வரை கைபேசியோடு இருப்பவளுக்கு முதலில் வேண்டியது நேரகாலத்தோடு படுப்பதே. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் கூடச் சோர்வைத் தரும். ஆகவே இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் தூக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறியுங்கள்.

நோயாளி தன் நோயைக் காண்பதில்லை. பக்கத்தில் படுக்கும் தங்கையே முதற் சாட்சி. பிள்ளைகளுக்கு மூச்சுத் தடை பெரும்பாலும் கனவு காணும் உறக்கத்தில் நிகழ்கிறது. அவ்வுறக்கம் விடியலை அண்டியே அதிகம். ஆதலால் பிள்ளை படுத்தவுடன் எட்டிப் பார்ப்பது போதாது. சுபஹுக்கு எழும்பும் உம்மா ஐந்து நிமிடம் அருகில் நின்று கேட்கட்டும். குறட்டையை ஒலிப்பதிவு செய்து வைத்தியரிடம் காட்டட்டும்.

வைத்தியர் தொண்டை, மூக்கு, தாடை, எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்; தேவையெனில் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார். ஆனால் குறட்டையை மட்டும் கொண்டு நோயை உறுதிப்படுத்த இயலாது. ஓர் இரவு முழுவதும் மூளை அலை, கண் அசைவு, மூச்சோட்டம், மார்பு அசைவு, இதயத் துடிப்பு, ஒட்சிசன் அளவு ஆகியவற்றைப் பதியும் உறக்கப் பரிசோதனையே உறுதியான வழி. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது அல்லது குறைகிறது என்று அதில் எண்ணப்படும். வளர்ந்தோருக்கு ஐந்து வரை பொறுக்கலாம். சிறுவருக்கு ஒன்றே கவனத்துக்குரியது. பதின்ம வயதினருக்கு எந்த அளவுகோல் பொருந்தும் என்பதை நிபுணர் தீர்மானிப்பார்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது: டொன்சில், அடினொயிட் சத்திரசிகிச்சை, எடைக் குறைப்பு, பற்சீரமைப்பு, அல்லது முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவி. வைத்தியரைக் கேளாமல் தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம். அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடும்.

சகோதரிகளே, குறட்டை விடுவதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பெற்றோரே, "பெண்பிள்ளை குறட்டை விடலாமா?" என்று அதட்டி மூடிவிடாதீர்கள். வகுப்பில் உறங்கும் பிள்ளையிடம், "இரவில் மூச்சு விடக் கஷ்டமா?" என்று அன்போடு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவள் சோம்பேறியாக இல்லாமல் இருக்கலாம்.