‘பாண்டர்’ என்னும் சொல்



கல்லூரியில் படிக்கும் நம் பங்குப் பிள்ளை ஒருவன் சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, “சுவாமி, ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்பதும் ‘பாண்டர்’ என்பதும் ஒன்றுதானே? இரண்டு சொல் எதற்கு?” என்று கேட்டான். இதற்குரிய விடை மாணாக்கருக்கு மட்டுமன்றி, குடும்பம் நடத்தும் பெரியோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

‘பாண்டர்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். லத்தீனில் ‘போந்துஸ்’ என்றால் எடை. ‘போந்தெராரே’ என்றால் தராசிலிட்டு நிறுத்தல். எடைக்கும் பணத்திற்கும் ஆங்கிலேயர் வழங்கும் ‘பவுண்டு’ என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே ‘பாண்டர்’ என்பது வெறும் நினைப்பன்று. ஒரு காரியத்தின் கனத்தை மனத்தில் நிறுத்துப் பார்ப்பதாகும். நாமும் ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம் அல்லவா? தூக்குதல் என்பதற்கு நிறுத்தல் என்றும் பொருளுண்டு. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் தராசுக்கோலையே உவமையாகக் கூறினார்.

இனி வழக்கைக் கவனிப்போம். குடை எடுத்துப் போகலாமா என்று எண்ணுவதற்கு ‘திங்க்’ போதும். மகளுக்கு வந்த வரனை ஏற்பதா, வேண்டாமா என்று தகப்பன் இரவெல்லாம் யோசித்தால் அதுவே ‘பாண்டர்’. ‘ஷி பாண்டர்ட் த கொஸ்டின்’ என்று பொருளை நேரே சேர்த்து எழுதலாம். ‘ஆன்’ அல்லது ‘ஓவர்’ சேர்த்தும் எழுதலாம். ‘திங்க்’ என்பதற்கோ அவ்விடத்தில் ‘அபவுட்’ போன்ற ஒரு சொல் துணை வேண்டும். ‘பாண்டரஸ்’ என்னும் பெயரடையில் எச்சரிக்கை தேவை: அதற்குக் கனத்த, மந்தமான என்பதே பொருள். யாராவது என் பிரசங்கத்தை அப்படிச் சொன்னால் அது புகழ்ச்சியன்று!

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 2-ம் அதிகாரம் 19-ம் வசனத்தில், இடையர் வந்து சொன்னவற்றைத் தேவமாதா இருதயத்தில் வைத்துச் சிந்தித்ததாக வாசிக்கிறோம். 1611-ல் வெளியான ஆங்கில வேதாகமத்தில் அவ்விடத்தில் ‘பாண்டர்’ என்ற சொல்லே நிற்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ஒன்றோடொன்று சேர்த்து வைத்தல் என்று பொருள். கண்டதையும் கேட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நிறுக்க முடியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் அண்ணன் தம்பி இருவருக்குள் பாகப்பிரிவினைத் தகராறு. அண்ணன் சொன்னதை மட்டும் கேட்டு, தம்பியைக் கோவில் வாசலில் பலர் முன்னிலையில் கண்டித்தேன். மறுவாரம் பத்திரத்தை வாசித்தபோது நியாயம் தம்பி பக்கம் இருக்கக் கண்டேன். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், ஆனால் அவர் பிள்ளைகள் நெடுநாள் கோவில் பக்கமே வரவில்லை. ஒரு தட்டில் மட்டும் பாரம் வைத்துவிட்டு எடை சொன்னவன் நான்.

‘ரூமினேட்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. மாடு இரையை அசைபோடுவதைக் குறிக்கும் சொல் அது. பழைய மனத்தாங்கலையே பலநாள் அசைபோடுகிறவர்கள் தாங்கள் ஆழ்ந்து சிந்திப்பதாக எண்ணிக்கொள்வதுண்டு. அவர்கள் மெல்லுகிறார்களே அல்லாமல் நிறுப்பதில்லை. நிறுத்தவன் ஒரு முடிவுக்கு வருவான்.

பிள்ளைகளே, ‘பாண்டர்’ வைத்து மூன்று வாக்கியங்கள் எழுதி வரும் ஞாயிறு கொண்டுவாருங்கள். பெரியோர்களே, இவ்வாரம் யார்மீதாவது கோபமாகப் பேச வாயெடுக்குமுன், மற்றத் தட்டிலும் ஏதாவது வைத்தோமா என்று பாருங்கள்.