பருப்பை நிறுத்தச் சொன்னது யார்?

காஞ்சிபுரம் கோயில் இட்லியில் அரிசிக்கு ஏறக்குறைய சமமாக உளுந்து விழும். மிளகு, சீரகம், சுக்கு மணக்க மந்தாரை இலையில் வேகும் அந்த இட்லியைச் சிறுநீரகம் பழுதானவர் கணக்குப் பார்த்துத்தான் தொட வேண்டும். 100 கிராம் அரிசியில் புரதம் 7, 8 கிராம். உளுந்தில் 23 கிராமுக்குக் குறையாது.

காஞ்சிபுரம் ஓரிக்கையில் பட்டுத்தறி நெய்யும் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியதும், அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பருப்பு போச்சு, முட்டை போச்சு, பாலும் போச்சு. மிஞ்சியது ரசம் சோறு. கொஞ்ச நாளில் சட்டை தொளதொளத்தது. குழித்தறியில் மிதி மிதிக்கக் காலில் வலுவில்லை. ரத்தத்தில் அல்புமின் குறைந்ததைக் கண்ட உணவு ஆலோசகர் அவர் மனைவியைக் கேட்டார்: “குறைக்கத்தானேம்மா சொன்னோம், யார் நிறுத்தச் சொன்னது?”

டயாலிசிஸ் தேவைப்படாத நிலையில், சிறுநீரக நோய் மூன்றாம் கட்டத்தைத் தொட்ட பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 48 கிராம். அதற்கும் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே. 300 கிராம் அரிசியிலேயே 20 கிராமுக்கு மேல் வந்துவிடும். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6, 25 கிராம் துவரம்பருப்பில் 6 கிராம் என்று மீதியைக் கூட்டிக்கொள்ளலாம்.

பட்டையும் ஜரிகையையும் நிறுத்து வாங்கிப் பழகிய வீடு அந்த நெசவாளருடையது. அந்த அம்மா 25 கிராம் பருப்பை மளிகைக் கடையில் நிறுக்கச் சொல்லி வாங்கி, டம்ளரில் கொட்டி, அது நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டார். தினமும் கீறல் வரைதான் பருப்பு.

புரதம் குறையலாம், வயிறு காயக் கூடாது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும். புரதம் அநேகமாக இல்லாத ஜவ்வரிசி உப்புமா (வேர்க்கடலை போடாமல்) இதற்குக் கைகொடுக்கும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அது வேண்டவே வேண்டாம். பொட்டாசியம் ஏறியவர்களுக்கு இளநீரும் ஆகாது.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கே தலைகீழ். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவைப்படும். பழைய பயத்தில் முட்டையை ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம் மெலிகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கிய வாரமே உணவு ஆலோசகரைப் பார்த்துப் புதுக் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.