முதல் சிலிண்டர் ஏன் எரியவில்லை?

அந்நாளில் கார் எஞ்சின் சீராக ஓடாவிட்டால், மெக்கானிக் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் போலத்தான். இன்று ஒர்க்ஷாப்பில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனர் என்னும் கருவியைச் செருகுகிறார்கள். சற்று நேரத்தில் திரையில் 'பி0301' என்று தோன்றுகிறது. 'பி' எஞ்சின் முதலிய இயக்கப் பகுதியைக் குறிக்கும்; 0 என்பது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறி; 3 எரியூட்டலைச் சார்ந்தது; 01 முதல் சிலிண்டர். அதாவது, முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது.

இது காரிலுள்ள கணினிக்கு எவ்வாறு தெரிந்தது? சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் இல்லையே! நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் தண்டு இருமுறை சுழல்வதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரிகிறது. ஆகவே அரைச் சுற்றுக்கு ஓர் உந்தல். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால், நொடிக்கு ஏறத்தாழ 27 உந்தல்கள். தண்டோடு ஒரு பற்சக்கரமும் சுழல்கிறது. பல வண்டிகளில், அதன் பற்கள் காந்தத்தோடு கூடிய ஒரு கம்பிச்சுருளைக் கடக்குந்தோறும் சிறு மின்துடிப்பு எழும். ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இது. ஓர் உந்தல் தவறினால் தண்டு இம்மியளவு தளரும்; துடிப்புகளின் இடைவெளி நீளும். அந்த வேறுபாட்டைக் கணினி அளந்துவிடுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு? எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள வினையூக்கி மாற்றியில் எரிந்து அதையே உருக்கிவிடக்கூடும், காற்றும் மாசடையும். அதனால்தான் அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் இவ்வேற்பாடு கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2013இல் வந்தது.

ஆனால் ஸ்கேனர் 'எங்கே' என்று சொல்லுமேயன்றி 'ஏன்' என்று சொல்லாது. அவசரக்காரர் பிளக், காயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவார், பணம் வண்டிக்காரருடையதுதானே! நல்ல மெக்கானிக் ஒரு சோதனை செய்வார். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியாயின், முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றுவார். வேறெதையும் தொடமாட்டார். பழைய குறியீட்டை அழித்துவிட்டு எஞ்சினை ஓட்டுவார். இப்போது 'பி0302' என்று வந்தால்? கோளாறு காயிலோடு இடம் பெயர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. மீண்டும் 'பி0301' தானா? காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இவ்வாறே இடம் மாற்றிப் பார்க்கலாம். அதன்பின் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரை.

இவையும் சரியாக இருந்தால், பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுவார். மற்ற சிலிண்டர்களைவிட முதல் சிலிண்டரில் அழுத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். காற்று எங்கோ கசிகிறது. எவ்வழியே? அத்துளையில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளப்பார். அழுத்தம் நன்கு உயர்ந்தால், தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடுக்கை எண்ணெய் அடைத்திருக்கிறது என்று பொருள். உயரவில்லையெனில், எண்ணெய் எட்டாத வால்வு வழியாகவோ, சிலிண்டர் தலைப்பின் கேஸ்கட் வழியாகவோதான் கசிவு. இனித் தலைப்பைக் கழற்ற வேண்டியதுதான்.