கொலஸ்ட்ரால்: கல்லீரல் போடும் கணக்கு

ரயில்வேயில் பாலமும் தண்ணீர்த் தொட்டியும் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டிப்ளமோக்காரனுக்குக் கல்லீரலில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்ரீவராகம் குளக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் வயதுக்காரர்களின் பேச்சில் பாதி கொலஸ்ட்ரால்தான். ஒரு நண்பர், "முட்டையைத் தொட்டதே இல்லை, நெய்யையும் விட்டாச்சு, 262 எங்கிருந்து சார் வந்தது?" என்றார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அது 170க்கு இறங்கியதும், குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டார். மூன்றே மாதத்தில் மறுபடி 258. முதல் கேள்விக்கும் இந்த ஏற்றத்துக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் விஷமல்ல. உயிரணுக்களின் சுவர், சில ஹார்மோன்கள், வைட்டமின் டி, பித்தநீர் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். ஆகவே உடம்பு சாப்பாட்டை நம்பி இருப்பதில்லை. உணவில் வருவது நாளொன்றுக்குக் கால் கிராம் அளவு. உடம்பு தானே தயாரிப்பது ஒரு கிராமை ஒட்டி. சைவர்களுக்கு வரவு இன்னும் குறைவு, தயாரிப்பு மட்டும் நிற்பதில்லை.

ஸ்டேஷன் மேல்நிலைத் தொட்டியில் ஒரு மிதவைப் பந்து இருக்கும். நீர் இறங்கினால் வால்வு திறக்கும், ஏறினால் மூடும். கல்லீரலில் அந்த வால்வு ஒரு நொதி, பெயர் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். அணுவுக்குள் கொலஸ்ட்ரால் குறைந்தால் இந்த நொதி அதிகம் உற்பத்தியாகும்; கூடினால் குறையும். ஜப்பானியர் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்து, 1973இல் இந்த நொதியைத் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். இன்றைய ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கு அதுவே முன்னோடி.

மாத்திரை குழாயை அடைப்பதோடு நிற்பதில்லை. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் அணு தன் மேற்பரப்பில் கூடுதலான 'ஏற்பிகளை' நிறுத்தி, இரத்தத்தில் போகும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே கேரளத்தில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. தேங்காயெண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளின் வேலையை மந்தமாக்குகிறது. டின்னின் மேல் எழுதியிருப்பதைப் படித்து ஏமாற வேண்டாம்.

இனி வெளியேறும் வழி. செவன் ஆல்ஃபா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற இன்னொரு கல்லீரல் நொதி, கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. அது குடலுக்குப் போய், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு திரும்பவும் கல்லீரலுக்கே வந்துவிடும். திரும்பி வருவதைக் குறைத்தால் கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும்; அதற்குக் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும். நம் ஊர்க் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் பேராசிரியர் பி. ஏ. குருப்பும் உடன் பணியாற்றியவர்களும் உளுந்தின் நாரை எலிகளுக்குக் கொடுத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். 1983இல் அமெரிக்க சத்துணவு ஆய்விதழ் ஒன்றில் அது வெளிவந்தது. நார் தின்ற எலிகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தது, கழிவோடு போன பித்த அமிலம் கூடியது. நம் இட்லிக்கு இதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலி மனிதனல்ல, மேலும் நாம் போடுவது தோல் நீக்கிய உளுந்து!

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். லாப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று வரும் 'லிவர் என்சைம்' வேறு. கல்லீரல் அணுக்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கசிபவை அவை. அந்த எண்ணைப் பார்த்துக் கொலஸ்ட்ராலைக் கணிக்க முடியாது.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். மாத்திரை நொதியை அழிப்பதில்லை. பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். விட்டால் சில வாரங்களில் அது பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். 170 என்பது மாத்திரையின் அளவு, அவருடைய அளவல்ல. தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றலாம், தானாக நிறுத்தலாகாது.

ஏற்பிகளே பிறவியில் குறைவாக உள்ள குடும்பங்களும் உண்டு. பெற்றோர் இருவரும் அந்தக் குறையைக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம்மவர்களுக்கு இந்த வாய்ப்பு சற்று அதிகம். முழங்கை, முழங்கால், குதிகால் நரம்பில் மஞ்சள் கட்டிகள் தெரிந்தாலோ, வீட்டு ஆண்களில் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தாலோ, பெரியவர்கள் மட்டும் இரத்தம் கொடுத்துவிட்டு வராமல் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.