ஓய்வு பெறும் வணிகரும் மருத்துவக் காப்புறுதியும்



கடைக்குச் சரக்கு எடுக்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! விலை என்ன, தவணை எத்தனை நாள், விற்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆனால் மருத்துவக் காப்புறுதிப் பத்திரம் என்றால், முகவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அறுபத்தைந்து வயதுக்குமேல் கடையைப் பிள்ளைகளிடம் விட்டபிறகு, சந்தா அறிவிப்புக் கடிதம் வரும்போதுதான் விழித்துக்கொள்கிறோம். ஆகவே, தனியார் நிறுவனங்கள் விற்கும் மேலதிக மருத்துவக் காப்புறுதியை ஓய்வு பெற்றவர் எப்படி எடைபோடுவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நம் வீட்டிலேயே நடந்ததிலிருந்து தொடங்குகிறோம். சைனாடவுனில் முப்பதாண்டுக்குமேல் கடை வைத்திருந்த நம் தாய்மாமா, எழுபதை நெருங்கியதும் சாவியை மகனிடம் கொடுத்தார். அதற்குமுன் இருதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார். சென்ற ஆண்டு வந்த சந்தாக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "மருமகனே, சம்பாத்தியம் நின்றுவிட்டது, இது மட்டும் ஏறிக்கொண்டே போகிறதே! எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். வேறொரு நிறுவனத்தின் முகவர், எங்களிடம் மாறினால் செலவு குறையும் என்று அவரிடம் சொல்லியிருந்தாராம். அஸர் தொழுகைக்குப்பின் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா பள்ளியிலிருந்து திரும்பி, இருவரும் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அஸ்திவாரமும் மாடியும்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது இரண்டடுக்குக் கட்டடம் என்பது. அஸ்திவாரம் அரசாங்கத்தின் மெடிஷீல்டு லைஃப். 1990இல் வந்த பழைய மெடிஷீல்டுக்குப் பதிலாக, 2015 நவம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. குடியுரிமை பெற்றவர், நிரந்தரவாசி அனைவருக்கும் ஆயுள்முழுதும் உண்டு. முன்பே நோய் இருந்தாலும் தள்ளிவிடுவதில்லை. இது மானியமுள்ள பி2, சி வகுப்புக் கட்டணங்களைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டது.

இதற்குமேல் தனியார் கட்டும் மாடிதான் ஒருங்கிணைந்த திட்டம். ஏழு நிறுவனங்கள் இதை விற்கின்றன. அரசாங்க மருத்துவமனையின் பி1 வகுப்பு, ஏ வகுப்பு, தனியார் மருத்துவமனை என்று படிகள் உண்டு. அதற்கும் மேலே 'ரைடர்' என்ற துணைப் பத்திரம் இருக்கிறது. நோயாளி கையிலிருந்து கொடுக்கவேண்டிய பங்கைக் குறைப்பதே அதன் வேலை.

மாமாவைப் போலப் பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான். மாடியை இடித்தால் அஸ்திவாரமும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படியல்ல. தனியார் பகுதியை நிறுத்தினாலும் மெடிஷீல்டு லைஃப் நிற்கும்.

எந்தப் பையிலிருந்து பணம்?

மெடிஷீல்டு லைஃப் சந்தா முழுவதையும் மெடிசேவ் கணக்கிலிருந்து கட்டலாம். தனியார் பகுதிக்கோ ஆண்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்த பிறந்தநாளில் 40 வயது ஆகிறவர்வரை 300 வெள்ளி; 41 முதல் 70 வரை 600; 71 முதல் 900. மீதி ரொக்கம். பிள்ளையின் மெடிசேவிலிருந்து தகப்பனாருக்குக் கட்டலாமென்றாலும், காப்புறுதி பெறுகிற ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு மாறாது. ரைடருக்கு மெடிசேவிலிருந்து ஒரு காசும் எடுக்கமுடியாது, முழுவதும் ரொக்கமே.

அன்றியும், 1949 முடிவுக்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கும், 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்கும் அரசாங்கம் தரும் சந்தாக் கழிவு மெடிஷீல்டு லைஃப் பகுதிக்கு மட்டுமே. மாடிக்கு அந்தக் கழிவு கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். தொகை நாமே வைத்துக்கொண்டது. முறையைத்தான் கவனிக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதுக்காரரின் தனியார் பகுதிச் சந்தா ஆண்டுக்கு 3,000 வெள்ளி என்போம். மெடிசேவ் 900 போக, ரொக்கம் 2,100. ரைடர் 2,000. ஆகக் கையிலிருந்து 4,100. சந்தா ஏறாமலே இருந்தால்கூடப் பத்தாண்டில் 41,000 வெள்ளி. ஆனால் வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். ஆகவே கேட்கவேண்டியது இன்றைய சந்தாவையல்ல. எண்பதிலும் எண்பத்தைந்திலும் என்ன சந்தா என்பதையே. நிறுவனங்கள் வயதுவாரிப் பட்டியல் வைத்திருக்கின்றன. அப்பட்டியலும் எதிர்காலத்தில் உயரக்கூடும் என்பதை மறக்கலாகாது.

சீட்டு வந்தால் யார் கொடுப்பது?

தனியார் மருத்துவமனையில் 30,000 வெள்ளிக்குச் சீட்டு வருகிறது. திட்டத்தில் முதலில் நாமே ஏற்கவேண்டிய தொகை 3,500. இதை 'டிடக்டிபிள்' என்பார்கள். மீதி 26,500இல் நூற்றுக்குப் பத்து, அதாவது 2,650, நம் பங்கு. ஆக 6,150 நம்முடையது, 23,850 காப்புறுதியுடையது. நம் பங்கிலும் ஒரு பகுதியை, வரம்புக்குட்பட்டு, மெடிசேவிலிருந்து கொடுக்கலாம். இந்த 6,150ஐக் குறைக்கத்தான் ரைடர்.

ஒரு காலத்தில் எல்லாவற்றையும் கொடுத்த ரைடர்கள் இருந்தன. இலவசம்தானே என்று தேவையற்ற சிகிச்சையும் பெருகிற்று, சந்தாவும் பெருகிற்று. ஆகவே 2019 ஏப்ரல் முதல், புதிய ரைடர்களில் நோயாளி குறைந்தது 5 விழுக்காடு கொடுக்கவேண்டும் என்று விதி வந்தது. நிறுவனத்தின் பட்டியலிலுள்ள மருத்துவரிடம் போனாலோ, முன் அனுமதி பெற்றாலோ, அந்தப் பங்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளியோடு நிற்கும்படி வரம்பு வைக்கலாம். பிறகு 2025 நவம்பரில் சுகாதார அமைச்சு இன்னொரு விதியை அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள், அமைச்சு குறித்த குறைந்தபட்ச டிடக்டிபிளை ஏற்கக்கூடாது. பங்கின் வரம்பும் 6,000 வெள்ளிக்குக் குறையக்கூடாது. இத்தகைய ரைடரின் சந்தா குறைவாக இருக்கும். படுக்கையில் விழுந்தால் கையிலிருந்து போவது கூடுதலாக இருக்கும். ஆகவே, "உங்களுடையது எந்தக் காலத்து ரைடர்?" என்பதே முதற்கேள்வி.

மாறுவதும் இறங்குவதும்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். நிறுவனம் மாறுவது வேறு; அதே நிறுவனத்தில் கீழ்ப்படிக்கு இறங்குவது வேறு. புதிய நிறுவனம் உடல்நிலையை விசாரிக்கும். இருதயம், நீரிழிவு, சிறுநீரகம் என்று முன்பே உள்ள நோயைத் தன் பகுதியிலிருந்து விலக்கிவிடலாம்; மறுத்தும் விடலாம். மாமா மாறியிருந்தால், எந்த இருதயத்துக்காக இத்தனை ஆண்டு சந்தா கட்டினாரோ அந்த இருதயமே விலக்கப்பட்டிருக்கக்கூடும். அதே நிறுவனத்தில் கீழ்ப்படிக்கு இறங்கவோ பொதுவாக மறுபடியும் மருத்துவச் சோதனை கேட்பதில்லை. ஆனால் இறங்கியவர் மீண்டும் ஏற நினைத்தால் கேட்பார்கள். இறங்கும் வாசல் திறந்திருக்கிறது. ஏறும் வாசல் வயதாக ஆகக் குறுகுகிறது.

ஊருக்குப் போய் ஆறுமாதம் இருக்கும் பெரியவர்களுக்கு இன்னொன்று. வெளிநாட்டுச் சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் பணம் தராது. தனியார் திட்டங்களும் பெரும்பாலும் அவசரச் சிகிச்சைக்குத்தான் தருகின்றன. கடையநல்லூரிலோ திருநெல்வேலியிலோ கண் அறுவை செய்துகொண்டு சீட்டை இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும். புறப்படுமுன் பத்திரத்தைப் படியுங்கள்.

மாமா என்ன செய்தார்?

நாம் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டோம்: "மாமா, இருதயச் சிகிச்சைக்கு எங்கே படுத்தீர்கள்?" அரசாங்க மருத்துவமனையில், பி2 வகுப்பில். தனியார் மருத்துவமனைக்காக ஆண்டுதோறும் சந்தா கட்டியவர், நோய் வந்த வேளையில் அங்கே போகவே இல்லை! அடுத்த தடவை எங்கே போவீர்கள் என்றோம். சற்று யோசித்து, "அதே டாக்டரிடம்தான். அந்த வார்டில் தமிழில் பேச ஆளிருந்தது" என்றார்.

ஆகவே ரைடரை விட்டார். அதே நிறுவனத்தில் அரசாங்க மருத்துவமனை வகுப்புத் திட்டத்துக்கு இறங்கினார். மிச்சமாகும் ரொக்கத்தை மருத்துவத்துக்கென்றே தனிக் கணக்கில் போடுகிறார். இதில் இழப்பு இல்லையென்று சொல்லமாட்டோம். நாளை தனியார் மருத்துவமனையில் படுக்க விரும்பினால் பெரும் பங்கு அவர் கையிலிருந்தே போகும். மானிய வார்டில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அவசரமில்லாத சிகிச்சைக்குக் காத்திருக்கவும் வேண்டும். கையெழுத்திட்ட அன்றிரவு மாமி, "பின்னால் வருத்தப்பட மாட்டீர்களே?" என்று கேட்டார். மாமாவிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

வாடகை வருமானமும் மெடிசேவில் நிறைந்த இருப்பும் உள்ளவர், தம் மருத்துவரை விட மனமில்லாதவர், மேல்படியிலேயே இருப்பதில் தவறில்லை. எண்பது வயதுவரை கட்டமுடியாத சந்தாவை எழுபதுவரை கட்டிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் விட்டுவிடுவதே பெரிய நட்டம். தாங்கக்கூடிய படியில் இன்றே நிற்பது மேல். காப்புறுதி கூடுமா என்ற மார்க்க ஐயம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி

பத்திரத்தை எடுத்து, பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, இவற்றுக்கு விடை எழுதுங்கள்:

1. கடைசியாக எந்த வகுப்பில் படுத்தீர்கள்? அடுத்த தடவை எங்கே படுப்பீர்கள்?
2. உங்கள் திட்டத்தின் சந்தா 75, 80, 85 வயதில் எவ்வளவு? அதில் ரொக்கம் எவ்வளவு?
3. கடை வருமானம் நின்றபின் அந்த ரொக்கம் எங்கிருந்து வரும்?
4. எந்த நோய் விலக்கப்பட்டிருக்கிறது?
5. ரைடர் எந்த ஆண்டில் எடுத்தது? உங்கள் மருத்துவர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா?

ஐந்துக்கும் விடை எழுதும்வரை, எந்த முகவர் வந்து எந்தத் தாளை நீட்டினாலும் பேனாவைத் திறக்காதீர்கள். பழையதை நிறுத்தும் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வைத் தருவானாக.